படலையாரும் பதினேழாம் நம்பர் வில்லையும்

கொழும்பு மாநகரத்தில் சந்தேகப்படுவதையே முழுநேர உத்தியோகமாகச் செய்து, அதற்கென்று ஒரு மேசையும் கதிரையும் கொடுக்கப்பட்ட ஒரே மனிதர் எங்கள் படலையார்தான். பொலிஸ்காரர்கூட வீட்டுக்குப் போனால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நாலு பேரை நம்புவார். படலையார் அந்த மாதிரி லீவெல்லாம் எடுப்பதில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். வரவுப் பதிவேட்டில் மூன்று இனிஷியலும் ஒரு கீறலுமாக அவர் போடும் கையெழுத்திலிருந்து அதைக் கண்டுபிடிக்க எங்களால் முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்து இறங்கும் ஒரு தெருவில், மாடியில் இருந்தது எங்கள் கந்தோர். கப்பலில் வரும் கொன்டெய்னர்களை உரியவர்களுக்கு விடுவித்துக் கொடுப்பது தொழில். நான் அங்கே பத்திரங்களைத் தட்டச்சு செய்யும் கிளாக்கர். படலையார் சேர்வரைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் எல்லோருடைய வேலையும் அந்த ஒரே மெஷினில்தான் ஓடியது. எங்கள் மேசைகளில் இருந்தவை வெறும் திரைகளும் விசைப்பலகைகளும்தான். வெளியிலிருந்து மெஷினுக்கு வருவதை எல்லாம் மறித்துப் பார்க்கும் ஃபயர்வோலுக்கு, ஊர் வீடுகளின் வேலிக் கதவை நினைத்து, அவர் வைத்திருந்த பெயர் 'படலை'. காலையில் வந்ததும் வராததுமாக எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "படலை பூட்டித்தான் கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்காருவார். மூன்றாம் நாளே பெயர் ஒட்டிக்கொண்டது.

"அண்ணை, இந்தப் படலை உண்மையில என்னதான் செய்யுது?" என்று நான் ஒருநாள் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். முன்கடையிலிருந்து வந்த சோற்றுப் பார்சல்கள் மேசையில் இருந்தன. படலையார் என் பார்சலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இஞ்ச பாரும். மெஷினுக்கு வாறதெல்லாம் இப்பிடிப் பொட்டலமாத்தான் வரும், இதுதான் பக்கெற். மேல என்ன எழுதிக் கிடக்கு? உம்மட பேர். ஆர் அனுப்பினது? முன்கடைக்காரன். படலை இதை ரெண்டையும்தான் பாக்கும். சரியெண்டா விடும், பிழையெண்டா எறியும்."

"உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு பாக்காதோ?"

"அது படலையின்ர வேலை இல்லை" என்றபடி பார்சலைப் பிரித்தார். "ஆனா நான் பாப்பன்."

என்னுடைய மீன் பொரியலில் பாதி அன்றைக்குச் சோதனைக்குட்பட்டுத் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு நான் அவரிடம் தொழில்நுட்பம் கேட்பதென்றால் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்பேன்.

தொலைபேசி அடித்தால் அவருக்கு மூன்று கேள்விகள். ஆர்? எங்கயிருந்து? என்ன அலுவல்? மூன்றில் ஒன்றுக்கு மறுமொழி வராவிட்டாலும் கதை முடிந்தது. ஒரு தடவை கலியாணத் தரகர் ஒருவர் எடுத்தார். நாற்பத்தைந்தைத் தாண்டியும் பிரமச்சாரியாக இருந்த படலையாரைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு கேள்விக்கும் தரகர் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, "தம்பி, ஒரு நல்ல விசயம்" என்றார். படலையார் ரிசீவரை வெட்டாமல், சத்தம் வராமல் மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். தரகர் பத்து நிமிடம் மேசைக்குப் பெண் பார்த்தார்.

"வெட்டி விடலாமே அண்ணை?" என்றேன்.

"வெட்டினா இஞ்ச ஆள் இருக்கெண்டு தெரிஞ்சுபோகும், திருப்பி எடுப்பான். மறுமொழியே சொல்லக்கூடாது. கதவுக்குப் பின்னால ஒருதரும் இல்லையெண்டு நினைச்சு, அலுத்து, தானாப் போகோணும். படலையும் அப்பிடித்தான் செய்யும்."

இந்த வைத்தியத்தை எங்கள் மேலும் பிரயோகித்தார். பேனா இரவல் கேட்டால் ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். சுவரைப் பார்ப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவருக்குக் காது கேளாது என்று நினைத்து உரத்துக் கேட்பார்கள். அப்போதும் சுவரைத்தான் பார்ப்பார்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் தமக்கையோடு குடியிருந்தார். அங்கே வாசல் காவலாளிக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்: இன்னார் வரலாம், இன்ன நேரம் வரலாம், கடைசி வரியில் 'மேலே சொல்லப்படாத எவரும் வரக்கூடாது'. வத்தளையிலிருந்து ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் பலாப்பழத்தோடு இரண்டு பஸ் மாறி வந்தார். பட்டியலில் பெயர் இல்லை. பலாப்பழம் திரும்பவும் இரண்டு பஸ் மாறி வத்தளைக்குப் போனது. தமக்கை ஒரு கிழமை, ஏழு நாளும், அவரோடு கதைக்கவில்லை. படலையாருக்கோ சந்தோசம் தாங்கவில்லை. காவலாளியின் கெட்டித்தனத்தைக் கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் முதலாளி ஒரே ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தார். முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, கோபம் வந்தால் மட்டும் 'நீங்கள்' என்று மரியாதையாகப் பேசுவார். சேர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் அவர் கையால்தான் வைப்பார். அதே மெஷினின் மறுபக்கத்தில், கவுண்டரில் இருக்கும் ஸ்டெல்லா ஒரு சின்ன அந்தோனியார் படத்தை ஒட்டியிருந்தாள். இப்படி இரண்டு பக்கக் காவலில் இருந்த மெஷினை வேலை நாளில் நிறுத்தக்கூடாது, எதுவென்றாலும் போயா என்னும் பௌர்ணமி லீவு நாளில்தான் என்பது பெரியவரின் சட்டம். மெஷினின் பிழை திருத்த எத்தனை புது மருந்து ஏற்றினாலும் அதை ஒருதரம் நிறுத்தி எழுப்பினால்தான் அது உடம்பில் பிடிக்குமாம். ஆகவே எங்கள் கந்தோரின் பாதுகாப்பு நிலவின் வளர்பிறை தேய்பிறைப்படி நடந்துகொண்டிருந்தது. படலையாரின் மேசையில் இருந்த கலண்டரில் முழுநிலா நாட்கள் மட்டும் வட்டமிட்டிருக்கும். பார்க்கிறவர்கள் அவரைப் பெரிய விரதக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வந்ததே ஒரு செவ்வாய்க்கிழமை. போயா முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. படலையார் காலைத் தேநீரோடு, உலகத்தில் எந்த மெஷினுக்கு என்ன வியாதி என்று வரும் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய மேசைக்கு மேலே கூரை ஒழுகியதால் முந்தின கிழமைதான் என் மேசைக்குப் பக்கத்துக்கு இடம் மாறி வந்திருந்தார். தேநீர்க் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"என்ன அண்ணை?"

"கேர்னலிலை ஓட்டை" என்றார். "அதுவும் படலையிலேயே."

கேர்னல் என்பது மெஷினின் அடிமடியில் இருந்து எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் பகுதி என்றும், பக்கெற்றுகளைச் சோதிக்கும் காவல்காரன் அதற்குள்ளேதான் குந்தியிருக்கிறான் என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அந்தக் காவல்காரனிலேயே பிழை. வெளியாள் உள்ளே வரமுடியாது. ஆனால் உள்ளே வர அனுமதி உள்ள எந்தச் சின்ன ஆளும், காவல்காரனை ஏமாற்றி மெஷினுக்கே எசமான் ஆகிவிடலாம்.

"எங்கட ஆக்கள்தானே உள்ளுக்கு இருக்கினம்?" என்றேன்.

படலையார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஒருகொடவத்தையில் இருக்கும் எங்கள் கொன்டெய்னர் யார்ட்டில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதைச் சுவரில் சோக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள், மழைக்கு அழியாமலிருக்க இரண்டு இடத்தில். லொறி திருப்ப வருகிற எவனுக்கும் அது பாடம். அவர்களில் ஒருவன் எசமான் ஆனால், யாருடைய கொன்டெய்னரையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு வாசலால் ஓட்டிப் போகலாம். அப்படி ஒன்று போனாலே பெரியவர் கந்தோரைப் பூட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அடுத்த போயாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

புது மருந்து வரும்வரைக்கும் ஒரு கைவைத்தியம் உண்டென்றார். சாதாரண ஆட்கள் மெஷினுக்குள் தங்களுக்கென்று ஒரு சின்ன அறை கட்டி, அதற்கு ஒரு குட்டிப் படலையும் வைத்துக்கொள்ளலாமாம். அந்த வசதி வழியாகத்தான் ஓட்டைக்குக் கை நீளுகிறதாம். படலையார் அந்த வசதியை நிறுத்தினார். ஓட்டை மறைந்தது. கூடவே எங்கள் பிரவுசரும் மறைந்தது. அது தன்னைத்தானே ஓர் அறைக்குள் அடைத்துக்கொண்டுதான் வேலை செய்யுமாம், அறை இல்லையென்றதும் திறக்கவே மறுத்துவிட்டது. சுங்கத்துக்குப் படிவம் அனுப்ப முடியவில்லை, கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியவில்லை. அரை மணித்தியாலத்தில் கந்தோர் சந்தைக்கடையாகிவிட்டது.

பெரியவர் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்ன செய்தனீங்கள்?"

மரியாதை வந்துவிட்டதைக் கண்டு நாங்கள் எல்லோரும் குனிந்து வேலை செய்யத் தொடங்கினோம். படலையார் எழுந்து நின்று விளக்கினார். பெரியவர் கடைசிவரை கேட்டார்.

"இருந்த மாதிரி விடுங்கோ. மருந்தெல்லாம் போயாவுக்குப் பாப்பம்."

"அதுக்கு இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கு ஐயா. படலை திறந்து கிடக்கும்."

"இவ்வளவு நாளும் கிடந்ததுதானே? ஆரும் வந்தவனோ?"

உலகத்தில் எல்லா முதலாளிமாரும் கேட்கும் கேள்வி அது. ஒருவருக்கும் இதுவரை பதில் கிடைக்கவில்லை. படலையார் வசதியைத் திருப்பித் திறந்துவிட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. என் பார்சலைப் பிரிக்கவும் வரவில்லை என்பதால் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு விளங்கியது.

புதன்கிழமை மருந்து வந்தது. ஏற்றினார். எழுப்பினால்தான் பிடிக்கும், எழுப்ப அனுமதி இல்லை. வியாழக்கிழமை காலையில் அவர் செய்த காரியத்தை ஸ்டெல்லா இன்றைக்கும் மன்னித்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்.

ஸ்டெல்லாவின் கவுண்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். இறக்குமதிக்காரர் பத்திரத்தைக் கொடுத்தால், அவள் நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுப்பாள். கொன்டெய்னரை விடுவிக்கும் கடிதம் தயாரானதும் நம்பரைக் கூப்பிடுவாள். வில்லையைக் கொடுத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போகலாம். சில கிழமைக்கு முன் யாரோ ஒருவர் வந்த வேலையை ரத்துச் செய்துவிட்டு, பதினேழாம் வில்லையைத் திருப்பிக் கொடுக்காமலே போய்விட்டார். ஸ்டெல்லா காட்போட் அட்டையில் பதினேழு என்று வெட்டி வைத்துக்கொண்டு வேலையை ஓட்டினாள். அந்தப் பழைய பிளாஸ்டிக் பதினேழு தேநீர்க் கடை மேசையில் கிடந்ததைப் படலையார் கண்டு எடுத்துப் பையில் வைத்திருந்தார். இப்படியான சாமான் அவர் பையில் ஏராளம்.

வியாழன் காலை ஸ்டெல்லா "பதினேழு!" என்று கூப்பிட்டாள். உரியவர் கீழே வெற்றிலை வாங்கப் போயிருந்தார். யன்னல் துவாரத்துக்குள் ஒரு கை பிளாஸ்டிக் வில்லையோடு நீண்டது. ஸ்டெல்லா குனிந்த தலை நிமிராமல் வில்லையை வாங்கிக் கடிதத்தைக் கொடுத்தாள். இரண்டு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்த படலையாரின் கையை அவள் அடையாளம் காணவில்லை.

கடிதத்தை நேரே பெரியவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"இதென்ன?"

"ஒரு கொன்டெய்னர் மைசூர்ப் பருப்பு ஐயா. இப்ப என்ர."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"செத்த நம்பர் ஐயா. இடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, ஆனா பழைய வில்லை இன்னும் செல்லுது. காவல்காரன் வில்லையைப் பாத்து ஆரெண்டு தெரியாமல் தூக்கிக் குடுக்கிறான். கேர்னலிலை இருக்கிற ஓட்டையும் இதேதான். இதை விளங்கப்படுத்த எனக்கு வேற வழி தெரியேல்லை."

பெரியவரின் திருநீறு வேர்வையில் கரைந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் பாவம், தேநீர் போடும் குசினி மூலையில் போய் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து படலையாரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே சேர்? ஏன் என்னைப் பலி குடுத்தீங்க?"

படலையார் சுவரைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

ஆனால் பெரியவர் மசிந்துவிட்டார். எப்போது நிறுத்துவது என்பதுதான் இனிப் பிரச்சினை. காலை எட்டிலிருந்து மாலைவரை கவுண்டரில் சனம், இரவிலும் சனி ஞாயிறிலும் யார்ட்டில் லொறி. மூச்சு விடக் கிடைக்கும் ஒரே நேரம் வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆத் தொழுகைக்கு முஸ்லிம் வியாபாரிகள் போய்விடுவார்கள், இரண்டு மணிவரை கந்தோர் காற்று வாங்கும். படலையார் அதைச் சொன்னதும் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் எரியிற விளக்கை நூர்க்கச் சொல்லுறீரோ? என்ர தகப்பன் காலத்திலையிருந்து இந்தக் கடையில வெள்ளிக்கிழமை ஒண்டும் நூர்த்ததில்லை!"

"நூர்க்கேல்லை ஐயா. திரியைத் தூண்டுறன். ஒருக்காப் பதிஞ்சு திரும்ப எரியும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் படலையார் ஆளுக்கேற்ற பாஷையில் பேசியதைக் கண்டேன். பெரியவர் யோசித்தார். பிறகு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து மனைவியிடம் அபிப்பிராயம் கேட்டார். தூண்டுவது குற்றமில்லை, ஆனால் செய்கிறவர் மச்ச மாமிசம் சாப்பிட்டிருக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

"சரி" என்றார் பெரியவர். "ஆனா கேளும். ரெண்டு மணிக்கு நான் வந்து நிக்கேக்கை, எழும்பிட்டுது, ஓட்டையும் அடைஞ்சிட்டுது எண்டு நீர் உம்மட வாயால சொல்லோணும். சொல்லாட்டி, திங்கட்கிழமை இந்தப் பக்கம் வரத் தேவையில்லை."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை. படலையார் தயிர்ச்சாதம் சாப்பிட்டிருந்தார். சேர்வர் இருக்கும் சின்ன அறைப் பூட்டின் திறப்பு பெரியவரின் இடுப்பில். பெரியவரோ மெஷினுக்காக அருச்சனை செய்யக் கோயிலுக்குப் போய்விட்டார். அறை பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, படலையார் தன் மேசையிலிருந்தே கட்டளையைத் தட்டினார். எங்கள் எல்லோருடைய திரையும் கறுத்தது. கந்தோரில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்து நிமிடம். ஆறு. ஸ்டெல்லாவின் திரை வெளித்தது. பிறகு என்னுடையது. ஒருகொடவத்தை யார்ட்டிலிருந்து தொலைபேசியில் "வந்திட்டுது" என்றார்கள். நான் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் படலையாரின் திரை மட்டும் இருட்டு. தட்டினார். காத்திருந்தார். திரும்பத் தட்டினார். அனுமதி இல்லை என்றுகூட மெஷின் சொல்லவில்லை. அங்கே ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. மெஷினின் எசமானாக நுழைய இன்ன மேசைக்கு மட்டும்தான் அனுமதி என்று படலையில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். மேசை மாறியபோது புது மேசைக்கு ஒரு வரி கையால் சேர்த்தார், ஆனால் நிரந்தரமாகப் பதிந்து வைக்க மறந்துவிட்டார். எழுப்பியதும் அந்த வரி போய்விட்டது. மழையில் நனைந்த பழைய மேசையின் இணைப்போ செத்துக் கிடந்தது. கந்தோரில் உள்ள அத்தனை பேரையும் உள்ளே விட்டுவிட்டு, படலை கட்டியவரைப் படலை மறித்துக்கொண்டு நின்றது.

அவர் ஒரு மணித்தியாலம் என்னென்னவோ செய்து பார்த்தும் நேரம் ஒன்று நாற்பது ஆனதுதான் மிச்சம். நான் கதிரையை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"அண்ணை, எல்லாருக்கும் வந்திட்டுதுதானே. பெரியவர் கேட்டா, எல்லாம் சரியெண்டு சொல்லுங்கோ. பிறகு ஆறுதலாப் பாத்துக்கொள்ளலாம். ஆருக்குத் தெரியப்போகுது?"

நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். இந்தப் புத்திமதியை நான் பலருக்கும் கொடுத்திருக்கிறேன், எனக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சுவரைப் பார்க்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். என்னைப் பார்த்தார்.

"ஓட்டை அடைஞ்சுதோ எண்டு எனக்குத் தெரியாதே" என்றார். "உள்ளுக்குப் போய்ப் பாத்தால்தானே தெரியும்."

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, பெரியவர் அருச்சனைத் தட்டோடு படியேறி வந்தார். எரிகிற திரைகளைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"எழும்பிட்டுதோ?"

"எழும்பிட்டுது ஐயா."

"ஓட்டை அடைஞ்சிட்டுதோ?"

படலையார் எழுந்து நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாது ஐயா. படலை என்னை மறிக்குது."

கவுண்டரிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஸ்டெல்லாதான். முந்தின நாள் அழுததற்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் சிரிப்பு அது. பெரியவர் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார், திறப்பை எடுத்தார், சின்ன அறையைத் திறந்தார். அதற்குள்ளே மெஷினுக்கென்று இருந்த திரையைத்தான் எப்போதோ கழற்றி ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவிட்டோமே. பெரியவரின் சொந்தத் திரையை நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். படலையார் நின்றபடியே அதைப் படலைக்கு உள்பக்கமாக மெஷினிலேயே நேரே பொருத்தி, தட்டி, வாசித்தார்.

"பழசுதான் எழும்பியிருக்கு" என்றார்.

போன போயாவுக்கு ஒரு புதுக் கேர்னல் போட்டபோது பிரின்டர் மக்கர் பண்ணியிருக்கிறது. ஆகவே எழுப்பினால் பழையதையே எழுப்பு என்று கட்டி வைத்திருக்கிறார்.

"கட்டினது ஆர்?" என்றார் பெரியவர்.

"நான்தான்."

"அவிழ்க்க மறந்தது?"

"அதுவும் நான்தான் ஐயா."

உலகத்தில் எல்லோரையும் சந்தேகித்த மனிதர், சந்தேகிக்க வேண்டிய ஒரே ஒருவரைத் தவற விட்டிருந்தார். மணி இரண்டு. கீழே படிக்கட்டில் தொழுகை முடிந்து வரும் வியாபாரிகளின் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பெரியவர் மெஷின் பக்கம் திரும்பினார்.

"இன்னும் எத்தினை தரம் தூண்டோணும்?"

"ஒருக்கா."

"தூண்டும்."

திரைகள் எல்லாம் மறுபடி கறுத்தன. கவுண்டருக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். "மிஸ், மொகத?" என்று பின்னாலிருந்து ஒருவன் என்ன நடந்ததென்று சிங்களத்தில் கத்தினான். ஸ்டெல்லா எழுந்து நின்றாள். "பொட்டக் இன்ன மல்லி, பொட்டக் இன்ன! பத்து நிமிசம் பொறுங்க எல்லாரும்" என்றாள். பிறகு இருபது பேரின் வில்லைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதத் தொடங்கினாள். வியாபாரிகள் தாங்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்து ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். படலையார் சின்ன அறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை புதியது எழும்பியது. படலையார் இரண்டு தரம் வாசித்தார், மூன்றாம் தரம் என்னை வாசிக்கச் சொன்னார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அடைஞ்சிட்டுது."

பெரியவர் மணியைப் பார்த்தார். இரண்டு இருபது.

"திங்கட்கிழமை நேரத்துக்கு வாரும்" என்றார். அறைக்குள் போகக் கால் எடுத்தவர் திரும்பினார். "ஒண்டு கேளும். உம்மைப் படலை மறிச்சா உள்ளுக்குப் போக இன்னொரு ஆள் இருக்கோணும். ஆரை விடுவீர்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டைப் பொத்தானைக்கூடச் சரிசெய்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

"ஸ்டெல்லாவை" என்றார் படலையார்.

கந்தோர் திரும்பிப் பார்த்தது. "அவவும் நானும் ஒரே பிழைதானே விட்டனாங்கள். அவ வில்லையைப் பாத்தா, ஆளைப் பாக்கேல்லை. நான் மேசையைப் பாத்தன், ஆளைப் பாக்கேல்லை. அவ இப்ப திருந்திட்டா."

ஸ்டெல்லா பேனாவைக் கீழே வைத்தாள். "முதல்ல சொரி சொல்லுங்க சேர். அப்புறம் பாப்பம்."

"சொரி" என்றார், உடனே, ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல். அந்தச் சொல் அவரிடம் இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும். அன்று பின்னேரம் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, எங்கே எதைத் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதை எல்லாம் அவள் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள். இடையிடையே அவரைத் திட்டியதும் கேட்டது.

நான் அந்தக் கந்தோரை விட்டுச் சில வருடமாகிறது. இப்போது வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். எதைக் கேட்டாலும் 'முடிஞ்சுது' என்கிறார்கள், கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். போன கிழமை என்னிடமும் ஒருவர் கேட்டார், நானும் முடிந்துவிட்டது என்றேன். பார்த்துவிட்டா சொன்னேன்? இல்லை. பஸ்ஸில் வரும்போது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு "தெரியாது ஐயா" என்று நின்ற அந்த மனிதரின் நினைவு வந்தது. மற்றவர்களைப் பற்றி அவருக்கு ஆயிரம் சந்தேகம் இருந்திருக்கலாம். அவர் சொன்ன எதையும் நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.